ஆர்.டி. என்றால் என்ன என்று நான் கேட்காத நாள்

போன வாரம் நம் சரவணம்பட்டி அலுவலகத்துக்கு, கணினிப் பாதுகாப்பைச் சோதிக்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்த உங்களைப் பார்க்க வந்திருந்தபோது, பின்வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்து கேட்டார்: “மேடம், கம்பெனியோட சொந்த கிளவுடை அந்தக் கம்பெனியே நம்மளை வெச்சு சோதிச்சுப் பாக்குது. இதுக்கு எதுக்கு இத்தனை பேப்பர், இத்தனை கையெழுத்து?”

அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். டீ வேறு ஆறிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. இதே கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். அதற்குப் பதில் கிடைத்த நாளையும் மறக்கவில்லை. அதை எழுதித் தந்துவிடுகிறேன். ஓய்வு பெற்றவளுக்கு நேரத்துக்கு என்ன குறைச்சல்!

பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பம்புகள் செய்யும் ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம். தோட்டத்துக் கிணற்று மோட்டாரை வீட்டிலிருந்தே போனில் ஓடவிட்டு நிறுத்தும் வசதியை அவர்கள் செய்து விற்றார்கள். அந்த வசதி முழுக்கக் கிளவுடில், அதாவது இணையத்தின் வழியே இன்னொரு கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்த மெஷின்களில் ஓடியது. யாராவது உள்ளே புகுந்தால் ஊர்ப்பட்ட விவசாயிகளின் மோட்டார்களை இஷ்டத்துக்கு ஓடவிடலாம், நிறுத்தலாம். அதனால் முதலாளி பொன்னுசாமி ஐயா எங்களைக் கூப்பிட்டு, திருடன் எப்படியெல்லாம் நுழைவானோ அப்படியெல்லாம் நுழைந்து பார்க்கச் சொன்னார்.

அப்போது எனக்கு இந்த வேலையில் பத்து வருஷத்துக்கு மேல் அனுபவம். அதுதான் பிரச்சினையே. புதிதாக வந்திருந்தால் பயந்து பயந்து கேட்டிருப்பேன்.

எல்லாப் பேப்பரும் ஒழுங்காகவே இருந்தது. பொன்னுசாமி ஐயா கையெழுத்துப் போட்ட அனுமதிக் கடிதம், சோதிக்க வேண்டிய மெஷின்களின் பட்டியல், எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது, எல்லாம் இருந்தது. கிளவுட் கம்பெனியின் விதிகளையும் படித்திருந்தேன். அவர்கள் சொல்வது எளிது: உன் கணக்கில் இருப்பதை மட்டும் தொடு, பக்கத்தில் வாடகைக்கு இருப்பவனைத் தொடாதே, ஒரு மெஷின் மூச்சுத் திணறுகிற அளவுக்கு அதன்மேல் எதையும் கொட்டாதே.

பட்டியலில் பதினான்கு மெஷின்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். மோட்டார் ஒன்று, மோட்டார் இரண்டு, பில்லிங், இப்படி. கடைசியில் ‘ஆர்.டி. ஒன்று’ என்று ஒரு சின்ன மெஷின். பம்பு செய்கிற கம்பெனி. ஆராய்ச்சிப் பிரிவு இருக்கத்தானே செய்யும். ‘ஆர் அண்ட் டி’யின் பழைய மெஷினாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அந்தக் கம்பெனியில் கணினி வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த கவிதாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பட்டியலை வாங்கிய அன்று அவள் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து அவள் கொண்டுவந்த முறுக்கைத் தின்றுகொண்டுதான் இருந்தேன். ஆனாலும் கேட்கவில்லை.

சோதனை நாள் காலை பதினொரு மணி. எங்கள் அலுவலகத்தில் இருந்தபடியே, வரிசையாகக் கடவுச்சொற்களைப் போட்டுப் பார்க்கும் கருவியை ஓடவிட்டேன். பதினான்கு மெஷின்களையும் ஒரே நேரத்தில் தட்டும்படி வைத்தேன், வேகத்தைப் பெரிய மெஷின்களின் அளவுக்கு ஏற்றினேன். அது ஓடட்டும் என்று விட்டுவிட்டு, கோப்புகளைப் போட்டு வைக்கும் கிளவுட் அலமாரிகளைப் பார்க்கப் போனேன். அதில் ஒன்று யாருக்கும் திறக்கும்படி கிடந்தது. இணையத்தில் யார் தட்டினாலும் திறக்கும். இந்த மாதிரி ஒன்று அகப்பட்டால் நம் மனசுக்குள் ஒரு குஷி வரும். உங்களுக்கும் வரும், வெட்கப்பட வேண்டாம்.

உள்ளே, ஏதோ ஒரு மெஷினில் இருந்து முந்தின ராத்திரி எடுத்த நகல் என்று ஒரு கோப்பு இருந்தது. திறந்தேன். பெயர், போன் நம்பர், ஊர், ரத்த வகை, கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி. அப்படியே கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. மேலே, ‘ரத்த தான நண்பர்கள், அவசரத்துக்கு அழைக்க’ என்று ஒரு போன் நம்பர்.

ரத்த தானம். ஆர், டி.

கோப்பை உடனே மூடினேன். ஆர்.டி. ஒன்று எப்படி இருக்கிறது என்று பார்த்தேன். பதிலே இல்லை. கருவியை நிறுத்தினேன். அப்போதும் இல்லை. அந்தச் சின்ன மெஷின் என் தட்டலைத் தாங்காமல் படுத்துவிட்டது. எந்த விதியைப் படித்துத் தலையாட்டினேனோ, அதையே மீறியிருந்தேன்.

கடிதத்தில் அவசரத்துக்கு என்று இருந்தது பொன்னுசாமி ஐயாவின் நம்பர். அடித்தேன், அடித்தேன், எடுக்கவில்லை. காங்கேயத்தில் சொந்தக்காரர் கல்யாணத்தில் இருந்தார் என்று பிற்பாடு தெரிந்தது. நாதஸ்வரமும் தவிலும் முழங்கும் மண்டபத்தில் சட்டைப்பையில் இருக்கும் போன் யாருக்குக் கேட்கும்? ஒரே ஒருவருடைய நம்பரை வாங்கிக்கொண்டு திருப்தியாக இருந்தது என் அடுத்த பிழை. அன்றிலிருந்து நான் மூன்று பேர் நம்பர் வாங்காமல் எந்தச் சோதனையையும் தொடங்கியதில்லை. அந்த மூவரில் ஒருவராவது அன்றைக்குத் தன் நாற்காலியில் இருப்பார் என்று கேட்டு உறுதிசெய்துகொள்வேன்.

கவிதாவைக் கூப்பிட்டேன். அவளுக்கு இந்த மெஷினைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. அவள் வேலைக்கு வரும் முன்பே அது இருந்திருக்கிறது.

“அக்கா, ரீஸ்டார்ட் பண்ணிப்போடட்டுங்களா? என்கிட்ட பட்டன் இருக்குதுங்க.”

“இரு கண்ணு. தொடாதே.”

“படுத்துதானங்க கெடக்குது?”

“எழுந்திரிக்காம போயிட்டா? யாரு செஞ்சு வெச்சதுன்னே நமக்குத் தெரியாது. அதுக்குள்ள என்ன இருக்குதுன்னும் தெரியாது. முதல்ல உடையவங்ககிட்ட கேப்போம். நீ லைன்லயே இரு.”

தப்பு செய்த கை, உடனே எதையாவது செய்து அதைச் சரிக்கட்டத்தான் துடிக்கும். அந்தத் துடிப்பில் இன்னொரு தப்பைச் செய்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மேசையில் இருந்த இன்னொரு போனை எடுத்து, கோப்பில் பார்த்த நம்பரை அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

“சொல்லுங்க, எந்த ஆஸ்பத்திரிங்க? என்ன குரூப்புங்க?”

“ரத்தம் வேண்டாமுங்க. நான் ஒரு கம்ப்யூட்டர் சோதனை பண்ற கம்பெனியில இருந்து பேசறேன். நீங்க யாருன்னு தெரிஞ்சுக்கலாமுங்களா?”

“ஜமாலுங்க. கோட்டைமேட்டுல மோட்டார் வைண்டிங் கம்பி கடை. அம்மணி, அப்பறமா கூப்புடறீங்களா? கொஞ்சம் அவசரத்துல இருக்கேன். எங்க லிஸ்ட்டு திடீர்னு வரமாட்டேங்குது. கொடுமுடியில இருந்து வந்த ஒரு புள்ள, கொழந்தை பொறந்து ரத்தம் நிக்காம போயிட்டிருக்குதுங்க. ஓ நெகட்டிவ் தேடிட்டு இருக்கேன்.”

“பாய், அந்த லிஸ்ட்டை நிறுத்தினது நானுங்க.”

கடையில் யாரோ தராசில் கம்பியை வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

“தெரியாம பண்ணிப்போட்டேனுங்க. அதை அப்பறம் சொல்றேன். உங்க லிஸ்ட்டோட நகல் ஒண்ணு என் கண்ணு முன்னால பூட்டாம கிடக்குது. ஆனா அது உங்களை நம்பிப் பேரு குடுத்தவங்க விவரம். நீங்க சொன்னா மட்டும் திறந்து, ஓ நெகட்டிவ் இருக்கறவங்களை மட்டும் படிக்கிறேன்.”

“அம்மணி, அங்க ஒரு உசுரு போராடிட்டு இருக்குது, நீங்க என்கிட்ட பர்மிசன் கேட்டுட்டு இருக்கீங்களே!”

“கேக்கணுமுங்க பாய்.”

“குடுத்தேன். படிங்க.”

“ஒரு வரி மெசேஜும் போட்டுருங்க.”

அவர் போட்ட மெசேஜ் இன்னும் என் நினைவில் இருக்கிறது. ‘பாருங்க’ என்று ஒரே சொல். கவிதா மற்ற லைனில் கேட்டுக்கொண்டிருந்தாள். கோப்பைத் திறந்து, ஓ நெகட்டிவ் என்று தேடி, கோயம்புத்தூர் என்று இருந்தவர்களை மட்டும் வாசித்தேன். ஆறு பேர். எந்தெந்த வரியைப் பார்த்தேன் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாசித்தேன். மூன்று மாதத்துக்குள் கொடுத்தவர் ஒருவர் இருந்தார். பாய் அவரை வேண்டாம் என்றார். மீதி ஐந்து நம்பர்களையும் எழுதிக்கொண்டு போனை வைத்தார்.

அவருக்காகக் காத்திருந்த இருபது நிமிஷத்தில் நான் நாற்காலியில் இருந்து எழவில்லை. எங்கள் குழுவின் தலைவி என் பின்னால் வந்து நின்றாள். என்னைவிட ஏழு வயது சின்னவள். நடந்ததைச் சொன்னேன். ஏன், எப்படி என்று ஒரு கேள்வியும் கேட்காமல் பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய பாடங்களில் அது ஒன்று. தப்பு செய்தவர் இன்னும் தீயை அணைத்துக்கொண்டிருக்கும்போது விசாரணையை ஆரம்பிக்கக் கூடாது.

பாய் கூப்பிட்டார்.

“ரெண்டு பேரு கெளம்பிட்டாங்க அம்மணி. ஒருத்தரு லேத் ஓட்டறவரு, போட்டது போட்டபடி ஓடறாரு. இன்னொருத்தங்க காலேஜ் டீச்சர்.”

“பாய், இப்ப அந்த மெஷினைத் திருப்பிக் கிளப்பலாமுங்களா? எழுந்திரிக்காம போனாலும் போகலாம்.”

“நகல் இருக்குதல்லங்க?”

“நேத்து வரைக்கும் இருக்குது. பம்பு கம்பெனி கவிதாவை விட்டு இன்னொரு பத்திரமான எடத்துலயும் எடுத்து வெச்சாச்சு. அந்தத் திறந்த கதவையும் சாத்தியாச்சு.”

“அப்பக் கெளப்புங்க. மத்தது அல்லா பாத்துக்குவான்.”

கவிதா பட்டனை அழுத்தினாள். நாலு நிமிஷத்தில் மெஷின் எழுந்துகொண்டது. “வந்துருச்சுங்க அக்கா!” என்று அவள் கத்தியதில் எனக்குக் காது அடைத்தது.

அந்தப் பெண் பிழைத்தாள். அதை எங்கள் கணக்கில் எழுதிவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் இருப்பு இருந்த ஒரு பாட்டிலை வைத்து டாக்டர்கள் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் இவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்தார்கள். அந்த ஒரு பாட்டில் இல்லாமல் இருந்திருந்தால்? அதை நினைத்துப் பார்க்காமல் நான் அதற்குப் பிறகு எந்தக் கருவியையும் ஓடவிட்டதில்லை.

அடுத்த நாள் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். ‘சோதனையின்போது ஒரு சேவை தற்காலிகமாகத் தடைபட்டது’ என்று எழுதிவிட்டு, நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று தலைவியிடம் காட்டினேன். அவள் பேனாவை எடுத்து அந்த வரிக்குக் கீழே கோடு போட்டாள்.

“அக்கா, தடைபட்டதா? யாரு தடுத்தது?”

“நான்தான்.”

“அதையே எழுதிருங்க. முதல் பத்தியில. மத்த ஓட்டையெல்லாம் அதுக்குக் கீழ வரட்டும்.”

எழுதினேன். ‘ஆர்.டி. ஒன்று எதற்கான மெஷின் என்று நான் விசாரிக்கவில்லை. அதன் அளவுக்கு மீறிய வேகத்தில் சோதித்து அதை நிறுத்திவிட்டேன்.’ அத்தனை வருஷ வேலையில் நான் எழுதிய வரிகளிலேயே கஷ்டமானது அதுதான்.

பொன்னுசாமி ஐயா அறிக்கையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். நானும் தலைவியும் எதிரில் உட்கார்ந்திருந்தோம். இனி இந்தக் கம்பெனி நம்மைக் கூப்பிடாது என்று நான் முடிவுகட்டி வைத்திருந்தேன்.

“ஏனுங்க அம்மணி, என்ற ஊட்டுக்குள்ள யாரோ குடியிருக்காங்க, எனக்கே தெரியலீங்களே?”

கவிதா விசாரித்து வைத்திருந்தாள். அவளுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர், கம்பி கொண்டுவந்து போடும் ஜமால் பாயிடம் ஒரு நாள் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். ரத்தம் கொடுப்பவர்களின் பெயர்களை நோட்டில் எழுதித் தேடிச் சிரமப்படுகிறேன் என்று பாய் சொல்லியிருக்கிறார். மனசு இளகி, கம்பெனிக் கணக்கிலேயே ஒரு சின்ன மெஷினைப் போட்டுக் கொடுத்துவிட்டு, பிறகு துபாய்க்குப் போய்விட்டார். நல்ல மனுஷர்தான். ஆனால் யாரிடமும் சொல்லாமல், எங்கேயும் எழுதி வைக்காமல் போய்விட்டார்.

“இதை வெளிய அனுப்பணும்னு எழுதியிருக்கீங்களே?” என்றார் பொன்னுசாமி ஐயா.

“தனியா வைக்கணும்னு எழுதியிருக்கேனுங்க ஐயா. உங்க மோட்டாரும் அவங்க லிஸ்ட்டும் ஒரே கூரையில இருக்கக் கூடாது. ஒண்ணுல திருடன் புகுந்தா இன்னொண்ணுக்கும் ஆபத்து.”

அவர் உடனே போனை எடுத்து ஜமால் பாயைக் கூப்பிட்டார்.

“ஏனுங்க பாய், இத்தன வருசமா என்ற கம்பெனியிலயே இருந்துட்டு, ஒரு வார்த்தை சொல்லலீங்களே!”

பாய் ஏதோ சொன்னார். உங்கள் ஆள் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன் என்றிருப்பார்.

“அது செரி. நல்ல காரியத்த இப்புடி ஒளிஞ்சு செஞ்சா எப்புடிங்க? கவிதா புள்ள உங்க பேர்லயே தனிக் கணக்கு போட்டுக் குடுக்கும். அதுவரைக்கும் இங்கயே இருங்க. யாரும் உங்களத் தொரத்தல.”

எங்களையும் அவர் துரத்தவில்லை. அடுத்த வருஷமும் கூப்பிட்டார். முதல் பத்தியைப் படித்ததால்தான் மற்றப் பக்கங்களை நம்பினேன் என்று கவிதாவிடம் சொன்னாராம்.

பட்டியல் புது இடத்துக்குப் போன பிறகு, அதையும் சோதித்துத் தரும்படி பாய் கேட்டார். அனுமதிக் கடிதம் வேண்டும் என்றேன். சிரித்துக்கொண்டே கடையின் லெட்டர் பேடில் தன் கையால் எழுதித் தந்தார்: ‘எங்கள் ரத்த தான லிஸ்ட்டை இந்த அம்மணி சோதித்துப் பார்க்கலாம். ஆரம்பிக்கும் முன்னால் போன் செய்யவும். யாருக்காவது ரத்தம் தேடிக்கொண்டு இருந்தால் ஆரம்பிக்க வேண்டாம். பாதியில் தேவைப்பட்டால் நிறுத்திவிடவும். வெள்ளிக்கிழமை மதியம் நான் தொழுகையில் இருப்பேன், போன் எடுக்க முடியாது, அப்போது வேண்டாம்.’

பெரிய பெரிய கம்பெனிகளின் வக்கீல்கள் எழுதிய பல பக்கக் கடிதங்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த நாலைந்து வரியில் இருப்பதுதான் அவற்றிலும் இருக்கும். சிலவற்றில் இதுகூட இருக்காது. உங்களுக்குக் கடிதம் எழுத வராவிட்டால் இப்படி எழுதுங்கள். எதைத் தொடலாம், எப்போது தொடலாம், எப்போது நிறுத்த வேண்டும், யார் போனை எடுப்பார்.

சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. மெஷின் படுத்ததற்கு மறுநாள், அறிக்கையை முடித்த மதியம், நான் கோட்டைமேட்டுக்குப் போனேன். அந்த அலமாரி எத்தனை நாளாகத் திறந்து கிடந்ததோ, நமக்குத் தெரியாது. என்னைத் தவிர வேறு யார் பார்த்தார்களோ, அதுவும் தெரியாது. பெயர் கொடுத்தவர்களிடம் இதைச் சொல்லியாக வேண்டும் என்று பாயிடம் சொன்னேன். சொன்னால் பாதிப் பேர் பெயரை எடுத்துவிடச் சொல்வார்கள் என்று அவர் பயந்தார். பல வருஷமாக ஒவ்வொருவராகச் சேர்த்த பட்டியல்.

“சொல்லாம இருந்துட்டா என்னங்க அம்மணி?”

“பொறகு அவங்களே தெரிஞ்சுக்கிட்டா, ஆபத்துல நீங்க கூப்பிடறப்ப போனை எடுப்பாங்களா பாய்?”

பாய் பட்டியலைப் பிரிண்ட் எடுத்து, பாதியை என் பக்கம் தள்ளினார். இரண்டு நாள் அந்தக் கடையிலேயே உட்கார்ந்து ஒவ்வொருவரையும் கூப்பிட்டோம். வாடிக்கையாளர் வந்தால் பாய் எழுந்துபோய்க் கம்பி நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்காருவார். அவருடைய சம்சாரம் பிரியாணியும் தால்ச்சாவும் கொடுத்தனுப்பினார்கள்.

திட்டினவர்கள் உண்டு. ஒருவர், இதற்குத்தான் யாருக்கும் நம்பரே கொடுக்கக் கூடாது என்றார். நான்கு பேர் பெயரை எடுத்துவிடச் சொன்னார்கள். சரி என்று அங்கேயே கோடு போட்டோம். மற்றவர்கள் கேட்டுக்கொண்டார்கள். சிலருக்கு நான் என்ன சொல்கிறேன் என்றே புரியவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம், என் பங்கில் கடைசியாக ஒருவர் இருந்தார். அவர் நம்பர் வேலை செய்யவில்லை. பக்கத்தில் எழுதியிருந்த தம்பியின் நம்பருக்கு அடித்து, அவரிடம் கேட்டு இவரைப் பிடித்தேன். பெருந்துறைப் பக்கம் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசினார். நான் எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். உங்கள் பெயர், நம்பர், ரத்த வகை எல்லாம் வெளியில் தெரிகிற மாதிரி கிடந்தது, நானே பார்த்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள், பெயரை எடுத்துவிட வேண்டுமென்றால் எடுத்துவிடுகிறோம் என்றேன்.

அவர் பொறுமையாக முழுக்கக் கேட்டார்.

“அது கெடக்கட்டுங்க அம்மணி. அந்த நம்பரு போயி ஒரு வருசம் ஆச்சுங்க. ஆபத்துக்கு என்னைக் கூப்புட்டு எடுக்கலீன்னா நல்லாவா இருக்கும்? இந்தப் புது நம்பரை எழுதிக்குங்க. எந்நேரமானாலும் கூப்புடுங்க, வாரேன்.”

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த ஜமால் பாய் பேனாவை என் கையில் கொடுத்தார்.